மத்தாப்பின் பேரியமும் மின்புலச் சிறையும்

விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியில் பச்சை மத்தாப்புக்குப் பல்லாண்டுகள் நிறம் தந்த பேரியம் நைட்ரேட் என்னும் வெள்ளை உப்பைக் கையாண்டவர்கள், அதே பேரியத்தின் அயனி ஒன்று, 1980-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில், மின்புலத்தின் பிடியில் தன்னந்தனியாக ஒளிர்ந்து புகைப்படத்தில் பதிந்ததென்று கேட்டால் வியப்புறுவார்கள்.

எலெக்ட்ரானை இழந்த அணு அயனி. அயனிகளும் எலெக்ட்ரான்களும் மிகுந்த வாயு பிளாஸ்மா. உக்கிரமாகச் சூடேறிய பிளாஸ்மாவின் வெப்பத்தை எந்தப் பாத்திரமும் தாங்காது. மின்புலத்தையே சுவராக்கலாமெனில், மாறாத மின்புலம் மட்டும் ஒரு துகளை வெட்டவெளியில் ஸ்திரமாக நிறுத்தாது என்று எர்ன்ஷா என்னும் அறிஞர் 1842-இலேயே நிரூபித்துவிட்டார். ஒரு திசையில் அணைக்கும் புலம் மற்றொரு திசையில் நழுவவிடும். ஜெர்மானியரான வோல்ஃப்காங் பவுல் என்பவரோ, 1950-களில், புலத்தை விநாடிக்குப் பல லட்சம் முறை மாற்றியமைத்து, துகள் தப்பும் வழியே மறுகணம் அதை அணைக்கும் வழியாகும்படி செய்தார். ஹைடல்பர்க்கின் பேரிய அயனியும் இத்தகைய சிறையில்தான் அடைபட்டது. எத்தனை நுட்பமான சிந்தனை! 1989-இல் பவுலுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இருவகை மின்னேற்றமும் கலந்த பிளாஸ்மாவையோ மின்புலம் எதிரெதிராக இழுத்துப் பிரிக்கும். ஆகவே, காந்திநகர் அருகிலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆதித்யா கருவி காந்தப்புலத்தையே நம்புகிறது; எலெக்ட்ரான்கள் மட்டும் நிறைந்த பிளாஸ்மாவை அடைக்கும் அங்குள்ள ஸ்மார்டெக்ஸ்-சி கருவியிலோ, காந்தப்புலத்துடன் இரு முனைகளிலும் மின்புலமும் காவல் நிற்கிறது.