மூடிய கதவுக்குள் என்ன நடக்கிறது? "பிரீமேசன்" சங்கம் பற்றி அறிய வேண்டியவை

மும்பை வி.டி. நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால், ஸ்டெர்லிங் தியேட்டருக்குப் பின்புறம் ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. 1897-ம் ஆண்டில் கட்டப்பட்டது. "பிரீமேசன்ஸ் ஹால்" என்று பெயர்.

நம்மவர்கள் ஆயிரக்கணக்கானோர் தினமும் அந்தப் பக்கமாக ஆபீசுக்குப் போய் வருகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். "கழுத்தை வெட்டுவோம் என்று சத்தியம் வாங்குவார்களாம்" என்பார் ஒருவர். "பேயை வணங்குகிறார்கள்" என்பார் மற்றொருவர். "பெரிய அதிகாரிகள் எல்லாம் அதில்தான் இருக்கிறார்கள். சேர்ந்துவிட்டால் பிரமோஷன் நிச்சயம்" என்பார் மூன்றாமவர்.

இந்தக் கதைகள் இன்று நேற்று பிறந்தவை அல்ல. வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்தக் கூடங்களை வடக்கே "ஜாதூகர்" என்று சொல்வார்கள். அதாவது மந்திர வீடு. பம்பாய்ப் பக்கத்தில் "சைத்தான் கானா" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!

அண்மைக் காலத்தில் இந்தப் பேச்சு மீண்டும் கிளம்பியிருக்கிறது. "எங்கள் லாட்ஜில் சேருங்கள், ஒரே மாதத்தில் செல்வந்தர் ஆகலாம்" என்று செல்போனில் செய்திகள் வருகின்றன. ஆகவே உண்மை எது, கட்டுக்கதை எது என்று தெரிந்துகொள்வது நல்லது.

கொத்தனார் சங்கம்

முதலில் பெயரைப் பார்ப்போம். "மேசன்" என்றால் கொத்தனார். "லாட்ஜ்" என்றதும் ரூம் வாடகைக்கு விடும் விடுதி என்று நினைத்துவிடக் கூடாது. முற்காலத்தில் ஐரோப்பாவில் பெரிய மாதா கோவில்களைக் கட்டிய கல்தச்சர்கள், வேலை நடக்கும் இடத்திலேயே கொட்டகை போட்டுத் தங்கினார்கள். அந்தக் கொட்டகைக்குத்தான் லாட்ஜ் என்று பெயர்.

நாளடைவில் கோவில் கட்டும் வேலை குறைந்தது. கரண்டி பிடித்தே அறியாத கனவான்களும் அந்தச் சங்கங்களில் சேர ஆரம்பித்தார்கள். 1717-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி, லண்டனில் ஒரு மதுக்கடையில் நான்கு லாட்ஜுகள் கூடி, முதலாவது "கிராண்ட் லாட்ஜை" அமைத்தன. இன்றைய பிரீமேசன் இயக்கம் அங்கிருந்து தொடங்குகிறது.

வேலை போனது, கருவிகள் நின்றன. மூலைமட்டமும் கவராயமும் சேர்ந்ததே இவர்களுடைய சின்னம். மூலைமட்டம் நேர்மையான நடத்தைக்கு அடையாளம். கவராயம் ஆசைக்கு எல்லை போடுவதற்கு அடையாளம். ரசமட்டம், "எல்லா மனிதரும் சமம்" என்று காட்டுகிறது. 24 அங்குல அளவுகோல், நாளின் 24 மணி நேரத்தைத் தொழுகைக்கும் தொழிலுக்கும் ஓய்வுக்கும் பிறருக்கு உதவுவதற்கும் பகிர்ந்துகொள்ளச் சொல்கிறது.

இந்த நகரத்தின் மாடிக் கட்டடங்களில் சாரத்தின் மீது நின்று தூக்குக்குண்டு பிடிக்கும் நமது கொத்தனார்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. சுவர் கோணினால் கட்டடம் நிற்காது என்பது அவர்களுக்குத் தெரியும்!

திருச்சியில் சேர்ந்த இளவரசர்

இந்தியாவுக்கு இந்தச் சங்கம் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் கப்பலில் வந்தது. 1730-ல் கல்கத்தாவிலும், 1752-ல் சென்னையிலும், 1758-ல் பம்பாயிலும் லாட்ஜுகள் ஏற்பட்டன. அப்போது உறுப்பினர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்களே.

முதலில் சேர்ந்த இந்தியர் என்று சொல்லப்படுபவர் தமிழ்நாட்டோடு தொடர்புடையவர். ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உம்ரா, 1775-76 வாக்கில் திருச்சியில் உறுப்பினர் ஆனார். லண்டன் கிராண்ட் லாட்ஜ் அவருக்கு ஒரு ஏப்ரனும் விதிப் புத்தகமும் பரிசாக அனுப்பி வைத்தது. பிற்காலத்தில் அவரே நவாப் ஆனார்.

சென்னை மெரினா கடற்கரையில் இருக்கும் போலீஸ் டி.ஜி.பி. அலுவலகத்தை அறியாதவர் இல்லை. அது 1839-ல் பிரீமேசன்கள் தங்களுக்காகக் கட்டிய மாளிகை என்பது பலருக்குத் தெரியாது. 1865-ல் போலீஸ் இலாகா அதற்கு வாடகைக்கு வந்தது. 1874-ல் விலைக்கே வாங்கிவிட்டது.

ரெயில்வேக்கும் இதற்கும் பழைய உறவு உண்டு. 1862-ல் பணிமனை ஏற்பட்ட பீகார் ஜமால்பூர் போன்ற ரெயில்வே ஊர்களில் வெள்ளைக்கார, ஆங்கிலோ-இந்திய ஊழியர்களின் லாட்ஜுகள் இருந்தன. பம்பாயில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங், 1886-ல் லாகூரில் பிரீமேசன் ஆனார். தமது லாட்ஜைப் பற்றி அவர் எழுதிய கவிதையில் ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவரும் வருகிறார்.

தட்டித் திறந்த கதவு

"எல்லா மனிதரும் சமம்" என்று சொன்ன சங்கம், இந்தியருக்கு எளிதில் கதவைத் திறக்கவில்லை.

மானக்ஜி கர்செட்ஜி என்ற பார்சிக் கனவான் பம்பாயில் சேர விரும்பினார். மறுத்துவிட்டார்கள். அவர் பாரிஸ் நகரத்துக்குப் போய் அங்கே உறுப்பினர் ஆகித் திரும்பினார். அப்போதும் பம்பாய் லாட்ஜ் அவரை ஏற்கவில்லை. பிறகு டாக்டர் ஜேம்ஸ் பர்ன்ஸ் என்பவர் இந்தியரைச் சேர்ப்பதற்கென்றே 1843-ல் ஒரு லாட்ஜை ஆரம்பித்தார். "மேற்கு இந்தியாவின் உதய நட்சத்திரம்" என்று அதற்குப் பெயர். பார்சிகளும் முஸ்லிம்களும் அதில் முதலில் இடம் பெற்றார்கள்.

இந்துக்கள் இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. "பல தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள் ஒரே இறைவன் பெயரால் எப்படிப் பிரமாணம் செய்வார்கள்?" என்று ஆட்சேபம் கிளப்பினார்கள். கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத்தர் ஆண்டுக்கணக்கில் போராடி, 1872-ல் உள்ளே நுழைந்தார். அவர் சேர்ந்த அதே "ஆங்கர் அண்ட் ஹோப்" லாட்ஜில் 1884-ல் நரேந்திரநாத் தத்தர் என்ற இளைஞர் சேர்ந்தார். அவரே பின்னாளில் சுவாமி விவேகானந்தர் ஆனார். மோதிலால் நேருவும் பிரீமேசன்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1961-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி, "இந்திய கிராண்ட் லாட்ஜ்" டில்லியில் அமைக்கப்பட்டது. முதல் தலைவர் ராம்பூர் நவாப். வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு என்று நான்கு மண்டலங்கள் உண்டு.

சேர்வது எப்படி?

இருபத்தோரு வயது நிறைந்த ஆணாக இருக்க வேண்டும். எந்த மதத்தவரும் சேரலாம். ஆனால் கடவுள் நம்பிக்கை கட்டாயம். கடவுள் இல்லை என்பவருக்கு இடம் கிடையாது. பெண்களுக்கும் இல்லை. ஆணும் பெண்ணும் சேரும் தனிப் பிரிவு ஒன்று உண்டு. 1902-ல் பாரிஸில் அன்னி பெசன்ட் அம்மையார் சேர்ந்தது அதில்தான். அதை இவர்கள் ஏற்பதில்லை.

உறுப்பினர்கள் இருவர் முன்மொழிந்து, வழிமொழிய வேண்டும். விசாரணை நடக்கும். பிறகு இரகசிய ஓட்டு. ஆதரிப்பவர் வெள்ளை உருண்டையும், எதிர்ப்பவர் கறுப்பு உருண்டையும் பெட்டியில் போடுவார்கள். விதியில் கண்ட எண்ணிக்கைக்குக் கறுப்பு விழுந்தால் மனு தள்ளுபடி. யார் போட்டார் என்று கேட்க முடியாது.

தேர்வானவர் மூன்று படிகள் ஏற வேண்டும். நமது கணக்கில் சொன்னால் கையாள், கொத்தனார், மேஸ்திரி. ஒவ்வொரு படிக்கும் ஒரு சடங்கு உண்டு. சடங்கு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். கேள்வி-பதிலை மனப்பாடம் செய்து ஒப்பிக்கவும் வேண்டும்.

உள்ளே நடப்பது

கூடத்தில் வேத நூல் திறந்திருக்கும். இந்திய லாட்ஜுகளில் பகவத் கீதை, குர்ஆன், பைபிள், குரு கிரந்த சாகிப், பார்சிகளின் அவெஸ்தா ஆகியவற்றுக்கு இடம் உண்டு. அவரவர் தமது மத நூலின் மீது பிரமாணம் செய்வார்கள். உறுப்பினர்கள் இடுப்பில் ஏப்ரன் கட்டியிருப்பார்கள். தலைவர் பதவி ஓராண்டுக்குத்தான். கூட்டத்தில் அரசியலும் மதமும் பேசக் கூடாது என்பது கண்டிப்பான விதி.

புதிதாக வருபவரின் கண்ணைக் கட்டி, கழுத்தில் கயிறு போட்டு அழைத்து வருவார்கள். அதற்கு முன்பே அவரிடம் உள்ள காசு, மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள். சடங்கின் இடையில், "ஏழைகளுக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்பார்கள். பையில் ஒன்றும் இருக்காது. அவர் விழிப்பார். "கையில் ஒன்றும் இல்லாதவனின் நிலை இதுதான், நாளை அப்படி ஒருவன் எதிரே வந்தால் இந்த நிமிடத்தை நினைத்துக்கொள்" என்பது அதன் உபதேசம்.

கழுத்து வெட்டும் கதை எங்கிருந்து வந்தது? பழைய பிரமாணத்தில், இரகசியத்தை வெளியிட்டால் கழுத்து அறுபடும் என்ற வாசகம் உண்மையிலேயே இருந்தது. அது வெறும் வாய்ச் சொல்லே என்று அவர்கள் சொல்லி வந்தார்கள். கண்டனம் வலுக்கவே, 1986-ல் இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் பிரமாணத்திலிருந்து அதை நீக்கியது. மூன்றாம் படியில், சாலமோன் அரசரின் ஆலயத்தைக் கட்டிய சிற்பி ஹிராம் கொல்லப்பட்ட கதையை நடித்துக் காட்டுவார்கள். இந்தச் சடங்குகள் எல்லாம் எப்போதோ அச்சில் வந்துவிட்டன. இன்று மிஞ்சியிருக்கும் இரகசியம், ஒருவரை ஒருவர் அடையாளம் காணும் கைக்குறியும் சொல்லுமே.

எதிர்ப்பும் உண்டு

ஆயினும் எல்லாரும் இதை ஏற்கவில்லை. 1738-லேயே போப்பாண்டவர் 12-ம் கிளமென்ட், கத்தோலிக்கர் இதில் சேரக் கூடாது என்று ஆணையிட்டார். 1983-ல் ரோம் அதை உறுதி செய்தது. சேருகிறவர் நற்கருணை வாங்க முடியாது. 2023-லும் அதே நிலைதான் என்று அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடி, குமரி மாவட்டத்திலிருந்து வந்திருக்கும் கத்தோலிக்க அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முஸ்லிம் மார்க்க அறிஞர்களிலும் பலர் கூடாது என்கிறார்கள். பாகிஸ்தானில் 1972-ல் லாட்ஜுகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் 1935-ல் ஹிட்லர் ஆட்சி அவற்றைக் கலைத்தது.

சந்தேகத்துக்கு இடம் கொடுத்த சம்பவமும் உண்டு. 1981-ல் இத்தாலியில் "பி-2" என்ற லாட்ஜின் உறுப்பினர் பட்டியல் போலீசிடம் சிக்கியது. மந்திரிகள், ராணுவ அதிகாரிகள், பாங்கிக்காரர்கள் பெயர்கள் அதில் இருந்தன. அரசாங்கமே கவிழ்ந்தது. அந்த லாட்ஜின் அங்கீகாரத்தை இத்தாலிய கிராண்ட் ஓரியன்ட் அதற்கு முன்பே நிறுத்தி வைத்திருந்தது. ஆனாலும், மூடிய அறையில் அதிகாரிகள் கூடினால் வெளியே நிற்பவனுக்குச் சந்தேகம் வருவது இயற்கை.

பிரமோஷன் கிடைக்குமா?

பார்சல் ஆபீசில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணே, நம்ம ஆபீசர் அதுல இருக்காராம். நானும் சேர்ந்தா ஊர்ப் பக்கம் டிரான்ஸ்பர் கிடைக்குமா?"

இது பலர் மனத்தில் இருக்கும் கேள்வி. சேரும்போதே "சொந்த லாபம் கருதி வரவில்லை" என்று உறுதி கூற வேண்டும் என்பது சங்கத்தின் விதி. அது ஒருபுறம் இருக்கட்டும். 1966-ம் ஆண்டு ரெயில்வே ஊழியர் நடத்தை விதிகளைப் பாருங்கள். நாட்டின் ஒருமைப்பாட்டுக்கும் பொது ஒழுங்குக்கும் கேடான சங்கத்தில்தான் சேரக் கூடாது. இந்தச் சங்கத்தின் பெயரைச் சொல்லி அதில் தடை எதுவும் இல்லை. ஆனால் உத்தியோக விஷயத்தில் வெளிச் சிபாரிசு கொண்டுவருவது தவறு என்று அதே விதிகள் சொல்கின்றன. மத்திய அரசு ஊழியர்களுக்கும் அப்படியே. லாட்ஜ் நட்பைக் காட்டி டிரான்ஸ்பர் கேட்டால், டிரான்ஸ்பருக்குப் பதில் மெமோ வரலாம்!

செலவையும் யோசிக்க வேண்டும். நுழைவுக் கட்டணம், ஆண்டுச் சந்தா, தர்ம நிதி, கறுப்பு சூட், கூட்டத்துக்குப் பின் விருந்து. குடும்பத்தையும் கடனையும் பாதிக்காமல் கொடுக்க முடிந்தால்தான் சேர வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். இது சீட்டு அல்ல, இன்சூரன்சும் அல்ல. போட்ட பணம் திரும்பாது. தர்ம காரியங்கள் உண்மையிலேயே நடக்கின்றன. கோவையில் உள்ள குழந்தைகள் ஆஸ்பத்திரி ஓர் உதாரணம். ஆனால் அதிகாரிகளும் டாக்டர்களும் வியாபாரிகளும் நிறைந்த இடத்தில், மாதக் கடைசியில் கைமாற்று வாங்கும் குமாஸ்தா எவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஏமாறாதீர்கள்

கடைசியாக, மிக முக்கியமான விஷயம். உண்மையான லாட்ஜ் யாரையும் போன் செய்து கூப்பிடுவதில்லை. பணக்காரர் ஆக்குவதாகச் சொல்வதில்லை. விருப்பமுள்ளவர்தான் தேடிப் போய்க் கேட்க வேண்டும்.

தாராவியில் தங்கியிருக்கும் ஓர் இளைஞர், செல்போனில் வந்த செய்தியை நம்பி, தங்கை கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை "உறுப்பினர் கட்டணம்" என்று அனுப்ப இருந்தார். கூட இருந்த ரூம் நண்பர்கள் கடைசி நேரத்தில் தடுத்தார்கள். முகம் தெரியாதவர் பணம் கேட்டால் அது லாட்ஜ் அல்ல, மோசடி. அனுப்பிவிட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்க வேண்டும்.

முறையாகச் சேர நினைப்பவர்களும் மனைவியிடம் சொல்லிவிட்டே சேர வேண்டும். சடங்கின் இரகசியம் உங்களோடு இருக்கலாம். எங்கே போகிறீர்கள், எவ்வளவு கட்டுகிறீர்கள் என்பது வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.