கேட்டைத் தாண்டாத மழை

சென்னையில் மனையைக் கிரவுண்டுக் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அதில் 10 செ.மீ. மழை கொட்டினால் விழும் தண்ணீர் சுமார் 22,000 லிட்டர். ஏறக்குறைய இரண்டு டேங்கர் லாரி. வீட்டைச் சுற்றி ஒரு சாண் மண்கூட விடாமல் சிமென்ட் பூசிவிட்டோம்; அதனால் பெரும்பகுதி தெருவுக்கு ஓடிவிடுகிறது. கார்த்திகையில் முழங்கால் தண்ணீரில் நடந்த தெரு, சித்திரையில் லாரிக்குக் காத்து நிற்கிறது.

2003-இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. மொட்டைமாடி நீரைக் குழாய் வைத்து இறக்கப் பழகினோம். வாசலில் ஓடும் நீரைத்தான் பலர் மறந்தோம்.

அதைப் பிடிப்பது எளிது. கேட்டின் உள்பக்கம், வாசலின் முழு அகலத்துக்கும் குறுக்கே ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, துளையிட்ட மூடி போட வேண்டும். தரையின் சரிவு அதை நோக்கியே இருக்கட்டும். வாய்க்கால் நீர் முதலில் ஒரு சின்னத் தொட்டியில் விழுந்து, மண்ணும் சருகும் அங்கே தங்க, தெளிந்தது மட்டும் குழாய் வழியாக உறைகிணற்றுக்குப் போகும். சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய இந்தக் கிணறு 3 அடி விட்டம், 15 அடி ஆழம் இருந்தால் ஒரே சமயத்தில் 3,000 லிட்டர் கொள்ளும். அடியில் தளம் போடக் கூடாது. தண்ணீர் இறங்க வேண்டிய வழியே அதுதான்.

குழியின் ஆழத்தை முடிவு செய்வது மண். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணலில் ஜல்லி நிரப்பிய சிறு கசிவுநீர்க் குழியே போதும். களிமண் பகுதியில் அதே குழி தொட்டிபோல நிரம்பி நிற்கும். களிமண்ணைத் தாண்டி மணல் தட்டும்வரை துளை போட்டால்தான் நீர் இறங்கும்.

சில எச்சரிக்கைகள்: அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டாதீர்கள். செப்டிக் டேங்கிலிருந்து தள்ளியே அமையுங்கள். கார் கழுவிய சோப்புத் தண்ணீரை உள்ளே விடாதீர்கள். மாதக்கணக்கில் படிந்த தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் அடித்துவரும் முதல் மழை வெளியே போகட்டும். கிணற்றின் மூடி கொசு புகாதபடி இருக்கட்டும்.

கட்டியதோடு வேலை முடியாது. வண்டல் படிந்து அடைத்துக்கொண்ட குழிகள் இந்த ஊரில் ஏராளம். ஐப்பசி மழை தொடங்குமுன், புரட்டாசியிலேயே மூடியைத் திறந்து தூர் வாருங்கள். பிறகு நான்கைந்து வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். விறுவிறுவென இறங்கினால் உங்கள் வீடு மழைக்குத் தயார்.