கதவை அறுத்தால் கலை, காரை அறுத்தால் குற்றம்

பழைய ரேஸ் காரைத் தெருவில் ஓட்டிப் பார்க்க ஆசை. குறுக்கே நிற்கிறது சட்டம். வழி இருக்கிறது, ஆனால் அது தெருவில் இல்லை.

கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் பழசுக்கு எப்போதும் மவுசு. இடித்த வீட்டின் தூணும் கதவும் இங்கே கடைக்கு வருகின்றன. கதவு மேஜையாகலாம், தூண் விளக்குத் தண்டாகலாம். எதை அறுத்து எதில் பொருத்தினாலும் கேட்பாரில்லை. விலை கேட்கத்தான் ஆள் வருகிறது.

அதே தெருவில் ஒரு பழைய பியட் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்கார்டுகளை அறுத்து எறிந்தாகிவிட்டது. கதவில் பெரிதாக ஒரு நம்பர், உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு, சைலன்சர் இல்லாத உறுமல். இப்போதும் ஆள் வரும். ஆனால் வருவது மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர்.

இந்தத் தோற்றம் அமெரிக்காவிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, அங்கே 1930களின் போர்டு கார்கள் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. பட்டறைக்காரர்களும் விவசாயிகளும் அவற்றை வாங்கி, டயரில் உரசும் தகட்டை வெட்டி, கதவுகளை வெல்டு செய்து மூடி, ஊர்ப்புற மண் தடங்களில் சுற்ற விட்டார்கள். சுற்றளவு ஒரு மைலுக்கும் குறைவான இந்த வட்டங்கள்தான் 'ஷார்ட் டிராக்'. அந்தக் கார்களின் சாயலில் தெருவில் ஓட்டக் கார் கட்டுவது இன்று உலகெங்கும் ஒரு பைத்தியம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'ஸ்டாக் கார்' என்றால் கம்பெனி விற்றபடியே இருக்கும் கார் என்று பொருள். 1948ல் தொடங்கிய நாஸ்கார் அமைப்பு, மாற்றம் செய்யாத கார்களுக்கென முதல் பந்தயத்தை 1949 ஜூன் 19 அன்று சார்லட் நகரில் நடத்தியது. முதலில் வந்தவர் கிளென் டுனவே. பந்தயம் முடிந்ததும் காரைச் சோதித்தார்கள். பின்பக்க ஸ்பிரிங்கில் கைவைத்திருந்தது தெரிந்தது. கள்ளச்சாராயம் கடத்துகிறவர்களுக்குப் பழக்கமான தந்திரம் அது. வெற்றி பறிபோய், ஜிம் ரோப்பருக்குப் போனது. கார் உரிமையாளர் கோர்ட்டுக்குப் போனார். தோற்றார்.

எழுபது ஆண்டுகள் கழித்து ஏறக்குறைய அதே கேள்வி கேரளத்திலிருந்து டில்லிக்குப் போனது: வண்டியை வாங்கிவிட்ட பிறகு அதை மாற்ற உரிமையாளருக்கு உரிமை உண்டா? மாநில விதிகளின்படி அனுமதி பெற்று மாற்றலாம் என்றது கேரள உயர் நீதிமன்றம். 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அளவுகளுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்ற முடியாது. மாநில விதி மத்தியச் சட்டத்தை மீற முடியாது என்றது தீர்ப்பு. நிறம் மாற்றலாம். காஸ் கிட் பொருத்துவது, மாற்றுத் திறனாளிகளுக்கான மாற்றம் போன்றவற்றுக்கு முறைப்படி அனுமதி உண்டு. அதே 2019ல் வந்த சட்டத் திருத்தம், தடை செய்யப்பட்ட ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று மிரட்டுகிறது.

சரி, பழைய கார் என்று சொல்லித் தப்பிக்கலாமா? 2021ல் வந்த வின்டேஜ் விதிகள் 50 வயதைத் தாண்டிய வண்டிகளுக்குத் தனிப் பதிவு தருகின்றன. கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் வண்டி பிறந்த மேனியாக இருக்க வேண்டும், பெரிய மாற்றம் கூடாது. தினசரி ஓட்டவும் முடியாது; கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்ற காரியங்களுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம். ஆக, அந்த வாசலும் அடைத்தாகிவிட்டது.

இது அதிகாரிகளின் வீம்பு மட்டும்தானா? கார் ஆர்வலர்கள் அப்படித்தான் புலம்புவார்கள். ஆனால் அந்தக் கார்கள் எதற்காகக் கட்டப்பட்டன என்று பார்த்தால் விஷயம் வேறு. வட்ட டிராக்கில் கார் எப்போதும் இடதுபுறமே திரும்புகிறது. அதனால் எடையை இடது பக்கம் தள்ளி வைப்பார்கள். வலதுபுறப் பின் டயர் இடதை விடப் பெரிதாக இருக்கும். கார் தானே இடப்பக்கம் இழுக்கும். அதே அமைப்புடன் மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் வந்தால் நேரே ஓரத்துச் சாக்கடைதான்.

உள்ளே இருக்கும் குழாய்க் கூண்டும் அப்படியே. ஹெல்மெட்டும் பந்தய பெல்ட்டும் போட்ட டிரைவரை அது காப்பாற்றும். வெறுந்தலையுடன் உட்கார்ந்திருப்பவருக்குச் சின்ன மோதலிலும் அதே குழாய் மண்டையைப் பிளக்கும். மட்கார்டு இல்லாத சக்கரம் மழைக்காலத்தில் சேற்றையும் கல்லையும் பின்னால் வரும் ஸ்கூட்டர்காரர் முகத்தில் வாரி அடிக்கும்.

அப்படியானால் இந்த ஆசையை எங்கே கொண்டுபோய் வைப்பது? பதில் தமிழ்நாட்டில் எப்போதோ கிடைத்துவிட்டது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப் போர் விட்டுச்சென்ற விமான ஓடுதளத்தில், 1950களிலிருந்தே பந்தயங்கள் நடந்தன. தெருவில் பார்த்த பியட்டும் ஹெரால்டும் அங்கே வேறு அவதாரம் எடுத்தன. 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் வந்தது.

கோவையின் எஸ். கரிவரதன் இன்னும் ஒரு படி போனார். தெருக் காரை ரேஸ் கார் மாதிரி அலங்கரிக்கவில்லை. மாருதி 800ன் 796 சி.சி. எஞ்சினை எடுத்து, உள்ளூரிலேயே கட்டிய ஒற்றை இருக்கை ரேஸ் காரில் பொருத்தினார். அதுதான் பார்முலா மாருதி. 2005ல் பார்முலா 1 பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனுக்கும் அது ஆரம்பப் பள்ளியாக இருந்தது. 1995ல் சிறு விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். கோவை செட்டிப்பாளையத்தில் 2003ல் திறந்த டிராக்குக்கு அவர் பெயர்தான்: கரி மோட்டார் ஸ்பீட்வே.

கொச்சியிலிருந்து அந்த டிராக் சுமார் 200 கிலோமீட்டர். டிராக்கில் மட்டும் ஓடும் காருக்கு ஆர்.டி.ஓ. பதிவு தேவையில்லை, லாரியில் ஏற்றிக்கொண்டு போனால் போதும். அங்கேயும் சோதனை உண்டு, விதி உண்டு, 1949ல் சார்லட்டில் இருந்தது போலவே. ஆனால் எதிரே ஸ்கூட்டர் வராது, பள்ளிக்கூடக் குழந்தை குறுக்கே ஓடாது.

செலவு அதிகம்தான். லாரி வாடகை, டிராக் கட்டணம், லைசென்ஸ் எல்லாம் சேர்ந்தால் பட்டறைப் பையனின் சம்பளத்துக்கு எட்டாது. உண்மையான குறை அதுதான். வீட்டுக்குப் பக்கத்தில், சின்னதாக, மண்ணில் ஒரு வட்டம் இருந்தால் பாதி ஆசை தெருவை விட்டு விலகிவிடும். அமெரிக்க ஊர்ப்புறங்களில் நடந்தது அதுதான். மட்டாஞ்சேரிக் கதவு மேஜையாகலாம்; அது யார் மீதும் மோதப்போவதில்லை. கார் அப்படியல்ல. அதற்கு ஓட ஓர் இடம் கொடுத்த பிறகு அபராதச் சீட்டை நீட்டினால், வாங்கிக்கொள்பவருக்கும் அதில் ஒரு நியாயம் தெரியும்.