உவர்நீரும் உழவும்

சிதம்பரத்திற்குத் தெற்கே கொள்ளிடம் கடலை அடைகிறது. ஆற்றில் நன்னீர் மிகுந்து ஓடுங்கால் கடல்நீர் எளிதில் உட்புகாது. கோடையில் நீர் குன்றினாலோ ஓதத்தோடு உவர்நீர் ஏறிக் கரையோரக் கிணறுகளையும் கெடுத்துவிடும். மணலை அளவின்றி அள்ளி ஆற்றுப்படுகையைத் தாழ்த்துதல், கடலுக்குக் கதவு திறந்து வைப்பதை ஒக்கும்.

1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை, ஆற்றுநீரைத் தேக்கி வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்கு அனுப்புகிறது. அந்நீர் வயலை அடைந்தபின் உழவர் பொறுப்புத் தொடங்குகிறது. வேண்டுமளவுக்கு மேல் பாய்ச்சி, வடிகாலும் தூர்ந்திருந்தால், வெயில் நீரை மட்டும் உண்டு உப்பை விட்டுச்செல்லும். அடுத்த மழை அவ்வுப்பை ஆற்றில் சேர்க்கும். வரப்பை உயர்த்தினால் மண் கரைந்து வடிகாலை அடைக்காது; கடலூர்க் கரையோரத்தார் நன்கறிந்த வெட்டிவேர் கரைமண்ணை இறுகப் பற்றும். சிக்கனமாய்ப் பாய்ச்சி மிச்சமான நீரைக் கீழணைக்குக் கீழே ஆற்றிலேயே விடக்கூடுமாயின், ஓதம் அவ்வளவு தொலைவு ஏறாது.