அடைப்பு எத்தனை சதவீதம்?

இரணியல்காரருக்கு நெஞ்சுவலி வந்தால் போக இரண்டு திசை உண்டு. கிழக்கே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி, வடமேற்கே திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா. எங்கே ஆஞ்சியோ எடுத்துத் திரும்பினாலும், பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அடைப்பு எத்தனை சதவீதம்?"

அந்தச் சதவீதம் பாதிக் கதைதான். ஆஞ்சியோவில் தெரிவது குழாய்க்குள் ஓடும் சாயம் மட்டுமே. பேச்சிப்பாறைக் கால்வாயில் ஓடும் தண்ணீரின் அகலத்தைப் பார்த்துவிட்டுக் கரையின் உறுதியைச் சொல்ல முடியுமா? நோய் இருப்பது தமனியின் சுவரில். கொழுப்பு படியப் படியத் தமனி முதலில் வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கிறது. படிவு ஏறத்தாழ 40 சதவீத இடத்தைப் பிடிக்கும்வரை ரத்தம் போகும் வழி குறுகுவதில்லை என்று சிகாகோவின் சீமோர் கிளாகோவ் 1987இல் காட்டினார். அதுவரை ஆஞ்சியோ 'நார்மல்' என்றே சொல்லக்கூடும்.

சுவரைப் பார்க்க வந்ததுதான் ஐவஸ், ரத்தக்குழாய்க்குள் எடுக்கும் அல்ட்ராசவுண்ட். மணிக்கட்டு அல்லது தொடை வழியாக, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கதீட்டரை இதயத் தமனிக்குள் செலுத்துவார்கள். அதன் நுனியில் இருக்கும் கருவி ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும். வயிற்று ஸ்கேனுக்குச் சில மெகாஹெர்ட்ஸ் போதும். இங்கே 20 முதல் 60 வரை. அதிர்வெண் கூடினால் ஒலி அதிக தூரம் போகாது, படம் மட்டும் கூர்மையாகும். சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அது குறையே இல்லை.

திரையில் நடுவே கதீட்டரின் வட்டம், சுற்றிலும் தமனியின் குறுக்குவெட்டு. கொழுப்பு மங்கலாகத் தெரியும். கால்சியம் பளீரென்ற வெள்ளைக் கோடாக வளையும். ஒலி அதைத் தாண்டாததால் பின்னால் ஒரே இருட்டு. மருத்துவர் கவனிப்பது அந்த வெள்ளை எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறது என்பதைத்தான். முழுவட்டமாக இருந்தால், அடைப்பைத் திறக்க உள்ளே ஊதும் சாதாரண பலூனுக்கு வழி விரிவது கடினம். கால்சியத்தை முதலில் அரைக்கவோ உடைக்கவோ வேண்டிவரும். திறந்த வழி மூடாமல் தாங்கும் வலைக்குழாயான ஸ்டென்ட்டை வைத்தபின் மறுபடி பார்த்தால், அது சுவரோடு ஒட்டி முழுதாக விரிந்ததா என்பதும் தெரிந்துவிடும்.

பலனுக்குக் கணக்கும் இருக்கிறது. சீனாவில் 1,448 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், ஐவஸ் பார்த்து ஸ்டென்ட் வைத்தவர்களில் ஓராண்டுக்குள் சிக்கல் வந்தது 2.9 சதவீதம் பேருக்கு. ஆஞ்சியோவை மட்டும் நம்பி வைத்தவர்களில் 5.4 சதவீதம்.

செலவு கூடும், எல்லோருக்கும் தேவையும் இல்லை. ஆனால் இடது பிரதானத் தமனியிலோ நீளமான அடைப்பிலோ ஸ்டென்ட் வைக்கப்போகிறார்கள் என்றால், "ஐவஸ் பார்த்து வைப்பீங்களா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.