சொந்த ஊரு, சொந்த ஜனம்... ஆனாலும் ஆனந்த் சறுக்கியது எங்கே?

2013 நவம்பர் 21. சென்னை ஹயாத் ரீஜென்சி ஹோட்டல். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் விஸ்வநாதன் ஆனந்தும் நார்வேயின் மேக்னஸ் கார்ல்சனும். இந்தப் பக்கம் மூச்சுவிடாமல் ரசிகர்கள். உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் 9-வது ஆட்டம். ஆனந்த் 3-5 எனப் பின்தங்கியிருந்தார். ஜெயித்தே ஆகவேண்டும்.

ஆட்டமும் நன்றாகத்தான் போனது. கார்ல்சனின் ராஜாவை நோக்கி ஆனந்தின் படை திரண்டு நின்றது. இன்னொரு மூலையில் கார்ல்சனின் சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டு, ராணியாக மாறி, செக் வைத்தது. இது ஆனந்துக்குத் தெரியாத விஷயமில்லை, கணக்குப் போட்டு வைத்திருந்ததுதான். பிஷப்பை வைத்து மறைத்திருந்தால் ஆட்டம் தொடர்ந்திருக்கும். அவர் குதிரையை எடுத்து வைத்தார். புது ராணி பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்தது. தாக்குதலுக்காக ஆனந்தின் யானை போய் நிற்க வேண்டிய கட்டம் இப்போது அதன் கண்ணில். அவ்வளவுதான், 28 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது. மறுநாள் டிராவோடு 6.5-3.5 என்று பட்டமும் போனது.

ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவர் இப்படியா சொதப்புவார்? அன்றைக்கு டீக்கடை வரைக்கும் ஓடிய கேள்வி இது.

ஊரே பார்த்தால் என்ன ஆகும்?

போட்டியை நடத்த அன்றைய தமிழக அரசு ஒதுக்கிய தொகை 29 கோடி ரூபாய். மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சாம்பியன், தன் ஊரிலேயே பட்டத்தைக் காப்பாற்றுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். சொந்த ஊர் என்றால் பலம்தானே?

எப்போதும் அப்படி இல்லை என்று 1984-லேயே ஓர் ஆய்வு கிளம்பியது. ராய் பாமைஸ்டர், ஆண்ட்ரூ ஸ்டீன்ஹில்பர் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்க பேஸ்பால், கூடைப்பந்து இறுதித் தொடர்களை அலசினார்கள். தொடரின் ஆரம்ப ஆட்டங்களில் உள்ளூர் அணி நன்றாகவே ஆடுகிறது. பட்டம் கைக்கெட்டும் கடைசி ஆட்டத்தில் அதே அணி தடுமாறுகிறது. பாசமான கூட்டமே பாரமாகிவிடுகிறது என்றார்கள். புதிய தொடர்களையும் சேர்த்துப் பார்த்த வேறு ஆய்வாளர்கள், அப்படியொரு விளைவே இல்லை என்று 1995-ல் மறுத்தார்கள். ஆக, இது முடிந்த வழக்கு அல்ல.

ப்ரஷரில் மூளை எப்படிச் சறுக்குகிறது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. முதலாவதைப் புரிந்துகொள்ள திருச்சிப் பக்கம் போகலாம். துறையூரிலிருந்து சோபனபுரம் தாண்டி பச்சைமலை ஏறும் பஸ்ஸில் டிரைவர் பேசிக்கொண்டே கியர் மாற்றுவார், வளைவில் கை தானாகத் திரும்பும். அவரிடம் போய், ‘எந்த நொடியில் கிளட்ச்சை மிதிக்கிறீங்க, கவனிச்சுச் சொல்லுங்க' என்று கேட்டுப் பாருங்கள். (மலை இறங்கிய பிறகு கேட்பது நல்லது!) பழகிய கை தடுமாற ஆரம்பிக்கும். தானாக நடக்கும் வேலையை மூளை மேற்பார்வை பார்க்க வரும்போது வரும் கோளாறு இது. கூடைப்பந்தில் ஃப்ரீ த்ரோ தவறுவதற்கு இதைத்தான் அதிகம் சொல்வார்கள்.

செஸ்ஸில் கையால் ஆகும் வேலை குறைவு. அங்கே பொருந்துவது இரண்டாவது விளக்கம். கணக்குப் போடும்போது இடைக்கால விடைகளை மனதில் ஏந்தி நிற்க ஒரு சின்ன இடம்தான் இருக்கிறது. ‘தோத்துட்டா என்ன ஆகும்' என்ற கவலை அதில் பாதியைப் பிடித்துக்கொண்டால், மிச்ச இடத்தில்தான் கணக்கு ஓடும். உளவியலாளர் சியான் பீலாக்கின் ஆய்வுகள் பேசுவது இதைத்தான். ஒரு கிளையை முழுசாகப் பார்த்தவர், இன்னொரு கிளையில் இருக்கும் ஒற்றை நகர்த்தலை மறந்துபோவது இப்படித்தான்.

லெப்ரானுக்கும் நடந்தது

இந்த வரிசையில் உலகம் முதலில் சொல்லும் பெயர் லெப்ரான் ஜேம்ஸ். 2011 என்.பி.ஏ. இறுதித் தொடர், மயாமி ஹீட் அணி 2-1 என முன்னிலை. நான்காவது ஆட்டத்தில் லெப்ரான் எடுத்தது வெறும் 8 புள்ளிகள், கடைசிக் கால்பகுதியில் ஒன்றுகூட இல்லை. அந்த சீசனில் ஆட்டத்துக்கு 26.7 புள்ளி சராசரி வைத்திருந்தவர், இறுதித் தொடரில் 17.8-க்கு இறங்கினார். டல்லாஸ் 4-2 என்று கோப்பையைத் தூக்கியது. முந்தைய கோடையில்தான் மயாமிக்கு வந்து, ஒன்றிரண்டு அல்ல, ஏழுக்கும் மேலே கோப்பைகள் என்று மேடையில் எண்ணிக் காட்டியிருந்தார். அந்த வீடியோவை அப்புறம் யாரும் மறக்கவிடவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் ப்ரஷர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. டல்லாஸின் தடுப்பாட்டம் அவரை உள்ளே நுழையவிடாமல் பூட்டியது. சென்னையிலும் அதே கதை. 43 வயது ஆனந்தின் ரேட்டிங் 2775, 22 வயது கார்ல்சனுக்கு 2870. பட்டம் ஆனந்திடம் இருந்தது, உலகின் நம்பர் ஒன் கார்ல்சன்தான். 5-வது, 6-வது ஆட்டங்களில், டிராவாக வேண்டிய நிலையிலிருந்து மணிக்கணக்கில் நெருக்கி நெருக்கித் தப்பு பண்ண வைத்தார். 6-வது தோல்விக்குப் பின் செய்தியாளர் ஒருவர் கேள்வியைத் துருவத் துருவ, எப்போதும் சாந்தமான ஆனந்த் சுள்ளென்று எரிந்து விழுந்தார். அந்த ஒரு நிமிடம் ஸ்கோர்போர்டைவிட அதிகம் சொன்னது.

சோச்சியில் வந்த பரிசு

உண்மையில் சென்னையைவிட வலிக்கும் இடம் சோச்சி. 2014-ல் கேண்டிடேட்ஸை ஒரு சுற்று மிச்சமிருக்கும்போதே வென்று, ஆனந்த் மறுபடி கார்ல்சன் எதிரே உட்கார்ந்தார். ஸ்கோர் 2.5-2.5. ஆறாவது ஆட்டத்தில், 26-வது நகர்த்தலில் கார்ல்சன் ராஜாவைத் தப்பான கட்டத்தில் வைத்தார். குதிரையால் நடுச் சிப்பாயைச் சாப்பிட்டிருந்தால் ஆட்டமே புரண்டிருக்கும். வைத்த மறுகணம் கார்ல்சனுக்கே அது தெரிந்துவிட்டது. ஆனந்த் பார்க்கவில்லை. முன்பே மனதில் வைத்திருந்த சிப்பாயை வேகமாகத் தள்ளினார். கார்ல்சன் மேஜையில் தலை சாய்த்தார். எதிர்பார்க்காத பரிசு வந்தால் சில நேரம் வாங்கத் தெரியாமல் போகும் என்ற அர்த்தத்தில் ஆனந்தே பிறகு சொன்னார். அந்தத் தொடர் 6.5-4.5.

லெப்ரான் அடுத்த ஆண்டே, 2012-ல் கோப்பை வென்று இறுதித் தொடரின் சிறந்த வீரரும் ஆனார். ஆனந்துக்கு அந்தப் பட்டம் திரும்ப வரவே இல்லை. ஆனால் 48 வயதில், 2017 டிசம்பரில் ரியாத்தில் உலக ரேபிட் பட்டத்தை வென்றார், வழியில் கார்ல்சனையும் தோற்கடித்து.

2013-ல் அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் 7 வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். பெயர் குகேஷ். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் அவனே கண்ணாடிக்கு உள்ளே. 14-வது, கடைசி ஆட்டம். டிராவை நோக்கிப் போன நிலையில் சீனாவின் டிங் லிரன் 55-வது நகர்த்தலில் யானையைத் தப்பாக வைத்தார். குகேஷும் முதலில் அதைக் கவனிக்கவில்லை, மனதில் இருந்த வேறு நகர்த்தலை ஆடப்போனார். ஆடுவதற்கு முன் இன்னொரு தடவை பலகையைப் பார்த்தார்.