சலூன் நாற்காலியில் இறங்கிய பிரஷர்

முடிவெட்டிக்கொள்ள ஆண்கள் மாதம் ஒருமுறையாவது சலூனுக்குப் போய்விடுகிறார்கள். டாக்டரிடம் போவது உடம்பு படுத்தினால்தான். உயர் இரத்த அழுத்தமோ பெரும்பாலும் படுத்துவதே இல்லை. வலியும் காய்ச்சலும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இரத்தக்குழாய்களைக் கெடுத்துவிட்டு, ஒருநாள் மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ வந்து நிற்கிறது. அப்படியானால் சலூனிலேயே அதைப் பிடித்தால் என்ன? லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் இதயநோய் மருத்துவர் ரொனால்ட் விக்டர் இதைச் சோதித்துப் பார்த்தார். முடிவுகள் 2018இல் வெளியாயின.

அவர் தேர்ந்தெடுத்தவை கறுப்பின அமெரிக்கர்கள் நடத்தும் 52 முடிதிருத்தும் கடைகள். அமெரிக்காவில் உயர் இரத்த அழுத்தம் கறுப்பினத்தவரிடம் மிக அதிகம்; மருத்துவமனை மீது அவநம்பிக்கையும் அதிகம். அந்த அவநம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி பகுதியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோய் முற்றுவதைக் கவனிப்பதற்காகவே சுமார் 400 கறுப்பின ஆண்களுக்கு அரசு சுகாதாரத் துறை சிகிச்சை தராமல் வைத்திருந்தது. பென்சிலின் புழக்கத்துக்கு வந்த பிறகும் தரவில்லை. அப்படி ஏமாற்றப்பட்ட சமூகத்துக்கு, ஆண்டுக்கணக்கில் கழுத்தைக் கத்திக்குக் கொடுத்துப் பழகிய முடிதிருத்துநரின் சொல் வெள்ளைக்கோட்டின் சொல்லைவிடப் பெரிதாகப் படுவதில் வியப்பில்லை.

ஆய்வில் சேர்ந்தவர்கள் 319 வாடிக்கையாளர்கள். எல்லோருக்கும் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 140 அல்லது அதற்கு மேல். கடைகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவில் முடிதிருத்துநர் உப்பைக் குறைக்கச் சொல்லி, டாக்டரைப் பார்க்கச் சொன்னதோடு சரி. மற்றதில் பயிற்சி பெற்ற மருந்தாளுநர் கடைக்கே வந்தார். வாடிக்கையாளரின் மருத்துவரோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி அங்கேயே மாத்திரை எழுதிக்கொடுத்து, அளவு இறங்காதபோது மருந்தைக் கூட்டினார்.

ஆறு மாதத்தில், மருந்தாளுநர் வந்த கடைகளில் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி இறங்கி 126க்கு அருகே வந்தது. அறிவுரை மட்டும் கிடைத்த கடைகளில் இறக்கம் 9 புள்ளிதான். 130/80க்குக் கீழே வந்தவர்கள் முதல் வகையில் 64 சதவீதம், இரண்டாவதில் 12 சதவீதம். முடிதிருத்துநரின் பேச்சு மட்டுமே நோயை விரட்டிவிட்டது என்று இதை வாசிக்கக் கூடாது. பேச்சு கதவைத் திறந்தது. அழுத்தத்தை இறக்கியது மாத்திரை. மாத்திரையோடு ஒருவர் அந்தக் கதவருகிலேயே நின்றதுதான் விஷயம். அடுத்த ஆறு மாதம் மருந்தாளுநரின் நேரடி வருகையைக் குறைத்துப் பார்த்தார்கள். அப்போதும் இறங்கிய அளவு ஏறவில்லை.

சலூனிலானாலும் பிரஷர் பார்க்கச் சில ஒழுங்குகள் உண்டு. ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். கால்மேல் கால் போடாமல் பாதம் பதிந்திருக்க வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும். பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றினாலும், அளக்கும்போது பேசினாலும் எண் கூடிவிடும். முடிவெட்டும் நாற்காலியில் சாய்மானம், கைப்பிடி, கால்வைக்கும் பலகை எல்லாம் இருக்கின்றன. சலூனில் பேசாமலிருப்பதுதான் கடினம்.

தமிழ்நாட்டுக்கு இது அடியோடு புதிய யோசனை அல்ல. முடிதிருத்தும் சமூகத்துக்கு இங்கே ‘மருத்துவர்’ என்றே பெயர். ஊரில் புண்ணுக்கு மருந்து கட்டியவர்கள் அவர்கள். அந்த வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகளாகப் பிரசவம் பார்த்தார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இன்று பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. வேலைக்குப் போகும் ஆண்கள் பகலில் அந்த வாசலில் இருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சலூன் பெஞ்சில் இருக்கிறார்கள்.